ஷட்டர் சத்தம் நின்றபோது

இன்று காலை மில்லர்புரத்தில் ஒரு ஞானஸ்நானம். குழந்தையின் நெற்றியில் தண்ணீர் விழுந்த கணத்தில் பொத்தானை அழுத்தினேன். கோவில் அமைதியாக இருந்ததால், கேமராவுக்குள் கண்ணாடி எழும்பி விழுகிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பக்கத்தில் நின்ற வீடியோக்காரர் சிரித்தார். "இன்னுமாக்கா இந்தப் பழசத் தூக்கிட்டு அலையுதிய? இப்பத்தான் சத்தமே இல்லாத கேமரா வந்துட்டே." நான் அடுத்த படத்துக்குக் குனிந்தேன். பதில் சொல்லத் தொடங்கினால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அந்தச் சத்தமில்லாத கேமராவை நீயும் ஒருமுறை வாங்கிப் பார்த்தாய். நாலைந்து படம் எடுத்துவிட்டு, "படம் விழுந்துச்சா இல்லையான்னே தெரியலயே, ஏளா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாய். உனக்கு உன் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராதான் வேண்டும். உப்புக்காற்றில் பிடியின் ரப்பர் உரிந்து உரிந்து வரும். பசை போட்டு ஒட்டி ஒட்டி, அந்த இடம் உன் விரல்களின் வடிவத்திற்கே வந்துவிட்டது. பொத்தானைப் பாதி அழுத்தினால் லென்ஸ் லேசாக முனகும். முழுக்க அழுத்தினால் அதிர்வு கன்னத்து எலும்பில் தெரியும். வெயிலில் 'டக்' என்று ஒரே வெட்டு. மங்கலான மண்டபத்தில் திறக்க ஒரு சத்தம், மூட ஒரு சத்தம். ஆண்களை உள்ளே விடாத மணப்பெண் அறைகளுக்கு நம் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். விளக்கைப் பிடித்தபடி நான் எங்கோ பார்த்து நின்றாலும், உன் ஷட்டரைக் கேட்டே உனக்கு வெளிச்சம் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவேன்.

எடுக்கும்போது நீ இடது கண்ணை மூடவே மாட்டாய். "ஒரு கண்ணு கேமராவுக்கு, ஒரு கண்ணு ஊருக்கு" என்பாய். இதை நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணம் உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்தது அது.

நாம் கடைசியாகச் சேர்ந்து போனது ஒரு கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு. துறைமுகத்துக்குத் தெற்கே, கரையில் கல் கொட்டிய இடம். மாப்பிள்ளையின் அண்ணன் போனில் ஏதோ ஒரு படத்தைக் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்று நின்றான். "இன்னும் பின்னால, அந்தக் கல்லு மேல போங்க, பக்கவாட்டுல கடல் முழுசா வரணும்."

"அங்கன பாசி கெடக்கு, வழுக்கும். இங்கன இருந்தே எடுத்துத் தாரேன்" என்றாய்.

"பயமா இருந்தா சொல்லிருக்கலாமே. ஆம்பளை போட்டோகிராபரையே வச்சிருப்போம்."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் இறங்கினாய். நான் மணப்பெண்ணின் முகத்துக்கு வெள்ளித் தட்டியால் வெளிச்சம் காட்டிக்கொண்டு, உனக்கு முதுகைக் காட்டி நின்றேன். உன் ஷட்டர் வரிசையாக அடித்தது. பாதியில் நின்றது. படம் முடிந்தால் நீ "சரி" என்று குரல் கொடுப்பாய். குரல் வரவில்லை. அதனால்தான் திரும்பினேன். கற்களுக்கு நடுவே நீ கிடந்தாய். ஆஸ்பத்திரியில் நீ கண்ணைத் திறக்கவே இல்லை.

உன் ஊர் நாசரேத்தில் உனக்காக வைத்த ஜெபக் கூட்டத்துக்கு அந்த அண்ணனும் வந்தான். எழுந்து நின்று, "பின்னால போகாதீங்கன்னு எவ்வளவோ சொன்னோம். அவங்க கேமராவுலயே கண்ணா இருந்துட்டாங்க" என்றான். எல்லோரும் 'ச்சு' கொட்டினார்கள். நான் எழுந்தேன். "பொய். போகச் சொன்னதே நீங்கதான்" என்றேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல், "துக்கத்துல என்னமோ பேசுதாங்க" என்று மற்றவர்களிடம் சொன்னான். யாரோ அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார்கள். உன் அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "விடும்மா. அவ எப்பவுமே அப்படித்தான், எதையும் பார்த்து நடக்க மாட்டா." வெளியே வந்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எங்க படமெல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

அவனை அடிக்காமல் எப்படி வந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து அந்த மணப்பெண் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, இவரோட அண்ணன் சொன்னது எல்லாமே என் காதுல விழுந்துச்சு. என்னைய அந்த அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியளா?" புருஷன் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வந்தாள். உன் அப்பா முன்னால் நின்று, அந்த அண்ணன் சொன்னது, நீ சொன்னது எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்போ எம் மவ பாசியப் பார்த்துட்டாளா?" என்றார்.

"பார்த்துட்டாப்பா. அவதான் முதல்ல பார்த்தா."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு ஆறுதலாக இல்லை. நான் சொன்னபோது நம்பாமல், வேறொருத்தி வந்து சொன்னால்தான் உன்னை நம்புவாரா என்று அவர் மீதும் கோபம் வந்தது. கூடவே நின்றேன், ஆனால் தேற்றவில்லை.

எல்லோரும் இந்தக் கோபத்தை ஆறவிடச் சொல்கிறார்கள். ஆறாது. அவன் மேல் இருப்பதில் பாதி உன் மேலும் இருக்கிறது. உனக்குப் பாசி தெரிந்தது, வழுக்கும் என்று உன் வாயாலேயே சொன்னாய். பிறகும் ஏன் போனாய்? பயந்தவள் என்று அவன் சொல்லிவிட்டுப் போகட்டுமே. பயந்தவளாக இருந்திருந்தால் இன்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாயே, ஏளா.