கூப்பனில் இல்லாத பெயர்

என் சகுந்தலா அக்காவுக்கு,

உன் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ஆறவில்லை. அழுகையைச் சொல்லவில்லை, கோபத்தைச் சொல்கிறேன்.

நேற்று தேரடி வாசகசாலைக்குப் போனேன். வார இதழில் குறுக்கெழுத்துப் போட்டி முடிவு வந்திருந்தது. எல்லாம் சரியாக எழுதியவர்கள் பட்டியலில் முதன்முறையாக மாமா பெயர் இல்லை. இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர் யார் என்ற கேள்விக்கு, உன் வீட்டுக்காரர் கொலம்பஸ் என்று எழுதி அனுப்பியிருக்கிறாராம்; அங்கே பேசிக்கொண்டார்கள். ஆறு கட்டத்தில் ஐந்து எழுத்து. மிச்சக் கட்டத்தை என்ன செய்தாரோ.

அங்கிருந்தவர்கள் அவரைத்தான் தேற்றினார்கள். "சம்சாரம் போன துக்கம். இல்லன்னா நம்ம சார் தப்பு போடுவாரா?" என்றார் நூலகர். மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ இல்லாமல் போனதுகூட அவருக்குத்தான் பெருமையா?

செங்கம் ரோட்டு வீட்டின் மாடியறையில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒரு பழைய வரைபடப் புத்தகத்தை விட்டுப் போனாரே, நினைவிருக்கிறதா? அடுப்படியில் அதை விரித்து வைத்துக்கொண்டு கப்பல் போன கோட்டில் விரலை ஓட்டுவாய். "காமாவுக்கு வழி காட்ன மாலுமி ஒருத்தன் இருந்தானாமே, அவன் பேர ஏன்டி யாரும் கேக்கறதில்ல?" என்பாய். அந்த வெள்ளைக்காரர் மொட்டை மாடியில் நின்று மலையைப் படம் பிடித்தபோது, "ஊருக்குப் போயி மலைய நான்தான் கண்டுபிடிச்சேன்னு எழுதப்போறாரு பாரு" என்றாய். கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தோம்.

பென்சிலில் நீ போட்ட விடைகளை மையில் எழுதியது நான். கூப்பனின் அடியில் மாமா பெயரை எழுதியதும் நான்தான். "பொம்பள பேரு பத்திரிகையில வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார் அவர். "யார் பேரு வந்தா என்னடி, விடை சரியா இருந்தா போதும்" என்றாய் நீ. எதற்கக்கா அப்படிச் சொன்னாய்? உன்மேலும் எனக்குக் கோபம்தான்.

நேற்று என்னைப் பார்த்ததும் மாமா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நானும் இதழை மேசையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் வீடு தேடி வந்தார். "அடுத்த கூப்பன நீ போட்டுக் குடும்மா. பேரு கெட்டுடக் கூடாது" என்றார். யார் பேர்?

கூப்பனை வாங்கிக்கொண்டேன். உன் வரைபடப் புத்தகத்தைப் பார்த்து மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். அடியில் சகுந்தலா என்று எழுதியிருக்கிறேன். நாளைக் காலை நானே தபாலில் போடுவேன். செத்தவர் பெயரைப் போடலாமா என்று யாராவது கேட்டால், வாஸ்கோடகாமா மட்டும் உயிரோடா இருக்கிறார் என்று கேட்பேன்.

முடிவு வரும் நாளில், மாமா உட்கார்ந்திருக்கும்போதே, வாசகசாலை நடுவில் நின்று உன் பெயரைச் சத்தமாகப் படிப்பேன். இது சத்தியம்.

இத்தனை வருஷமும் தப்பான பெயரை எழுதிய உன் தங்கை,
வசந்தா