உன் முகத்தை வெள்ளையாக்கியவர்கள்

எலே பிஜு, எனக்க பொன்னு மச்சானே,

சுகமா என்று உன்னிடம் கேட்க முடியாது. எங்கள் சுகத்தை நான் சொல்கிறேன். உதியன்குளங்கரையில் நீயும் நானும் சேர்ந்து போட்ட டிசைன் கடை திறந்துதான் இருக்கிறது. கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், கிளப்புகளின் ஓணக் கொண்டாட்டம் என்று நோட்டீசும் பிளக்ஸும் குறைந்தபாடில்லை. எல்லாருக்கும் இன்று சாயங்காலமே வேண்டும். ரசனை மட்டும் ஒருத்தருக்கும் வேண்டாம்.

நீ இருந்தபோது இவர்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்போது தனியாக இருந்து திட்ட வேண்டியிருக்கிறது. போன மாதம் கடற்கரைப் பக்கம் குளத்தூரிலிருந்து ஒரு கிளப்பின் ஆட்கள் சின்னம் வரைந்து தரச் சொல்லி வந்தார்கள். ஒரே வட்டத்துக்குள் சிங்கம், உதிக்கிற சூரியன், புறா, புத்தகம், கைகுலுக்கும் கைகள், போதாததற்குக் கேரளத்தின் வரைபடம்.

"கடக்கரைல சிங்கம் என்னத்துக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒரு கெத்து வேண்டாமா சுனிலே?"

கெத்து வந்தது. சட்டையில் குத்துகிற அளவுக்குச் சின்னதாக்கியபோது சிங்கம் பல்வலி வந்த பூனையாகிவிட்டது. அதைக் குத்திக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்கள். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாய்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நம் வாசகசாலைக் கமிட்டி உனக்குச் செய்ததைத்தான் எழுத வந்தேன். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் கடிதத்தை ஊரறிய எழுதுகிறேன்.

படத்தை மேஜையில் வைத்ததும் நம் ஊர்க்காரர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்பது உனக்கும் எனக்கும் மனப்பாடம். "முகத்த கொஞ்சம் வெளுப்பிச்சு தா." கல்யாணப் பெண்ணுக்கு வெளுப்பு. தேர்தலில் நிற்கிறவருக்கு வெளுப்பு. காலமெல்லாம் வெயிலில் நின்று மரச்சீனி நட்டுச் செத்துப்போன மனுஷனுக்கும், ஜங்ஷனில் வைக்கிற அஞ்சலிப் பலகையில் வெளுப்பு. மற்றக் கடைக்காரர்கள் எல்லாரையும் ஒரே மைதா மாவில் பிசைந்து எடுத்ததுபோல ஆக்கிவிடுவார்கள். நீ மட்டும் செய்யமாட்டாய். "எனக்க மிஷின்ல அந்த வேல இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி மானிட்டரைப் பார்ப்பாய்.

கோட்டுகாலில் பெண்கள் சேர்ந்து மீன் ஊறுகாய் தொடங்கியபோது கவரில் அங்கே மீன் வெட்டுகிற ரோசம்மா அக்காவின் முகத்தையே வைத்தாய். அவர்களுக்குப் புத்தி சொல்ல வந்த ஒரு கோட்டு சூட்டுக்காரன், செட்டுமுண்டு உடுத்த ஏதோ வெள்ளைக்காரியின் படத்தை நீட்டினான். "இவளுக்கு மீன் வெட்டத் தெரியுமா? கேட்டுட்டு வா, வைக்கேன்" என்றாய். இப்போதும் கவரில் ரோசம்மா அக்காதான் இருக்கிறாள். நெய்யாற்றங்கரை பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். அவளே சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள்.

அப்படிப்பட்ட உனக்கு, நீ போய் வருஷம் திரும்பியதும் வாசகசாலை ஹாலில் படம் திறக்கப் போவதாகச் சொன்னார்கள். அந்த வாசகசாலைக்குச் சின்னம் வரைந்ததும் நீதானே. நியாயம் என்று சந்தோஷப்பட்டேன். உன் பெண்டாட்டி சிந்து கமிட்டிக்கு ஒரு படம் தேடிக் கொடுத்தாள். பொழியூர் கடற்கரையில் நீ கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற படம். உச்சி வெயில். நெற்றியில் பழைய வெட்டுத் தழும்பு. உன் கறுப்பு அப்படியே மின்னுகிறது. அவளே எடுத்த படம்.

ஒரு வாரத்தில் கமிட்டி செக்ரட்டரியும் பிரசிடெண்ட் சாரும் அந்தப் படத்தோடு கடைக்கு வந்தார்கள்.

"படம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றார் செக்ரட்டரி. "ஆனா பயங்கர கறுப்பாட்டு இருக்கே."

"அவன் கறுப்புதானே அண்ணே?"

"அது செரி. இது ஹால்ல தூக்குக படமாக்கும். திருவனந்தபுரத்துல இருந்து பெரிய ஆளு வாறாரு, திறந்து வைக்கதுக்கு. செத்த ஆளுக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

மரியாதை! வெளுப்பும் மரியாதையும் ஒன்று என்று இவர்கள் எந்தப் புத்தகத்தில் வாசித்தார்கள்? வாசகசாலையின் சாவி இவர்கள் இடுப்பில்தான் இருக்கிறது. அலமாரியைத் திறந்து பார்த்தவர் யார்? பிரசிடெண்ட் சாரை எடுத்துக்கொள். மைக் கையில் கிடைத்தால் சமத்துவம் பேசாமல் இறங்கமாட்டார். அவர் என் தோளில் கைபோட்டு, "சின்ன கரெக்‌ஷன் தானே சுனிலே. கண்டா மோசம் எண்ணு ஆரும் பறையப்பிடாது" என்கிறார்.

எதைப் பார்த்து மோசம் என்று சொல்லுவார்கள், மச்சான்? உன் முகத்தையா?

"எனக்க கையால அது நடக்காது சாறே. எறங்குங்க" என்றேன். இறங்கினார்கள். படத்தையும் கையோடு கொண்டுபோனார்கள். வெளுப்பித்துத் தர வேறு கடையா இல்லை?

எனக்குக் கோபம் உன்னை நினைத்து மட்டும் இல்லை. உன் மகள் மாளுவுக்கு நீ போகும்போது ஒழுங்காகப் பேச்சுக்கூட வரவில்லை. இனி அவளுக்கு அப்பா என்றால் படம்தான். ஊர்க்காரர்கள் அவளைத் தூக்கிப்போய் அந்தச் சுவரில் எந்த முகத்தைக் காட்டுகிறார்களோ, அதுதான் நீ. பிள்ளை அச்சு அசல் உன் நிறம். இந்த வயசிலேயே பாறசாலை சந்தையில் வழிமறித்து, "பிள்ளைக்கு நல்ல சோப்பு வேண்டிக் கொடுக்கப்பிடாதா சிந்து?" என்று கேட்கிற அருமையான மனுஷிகள் இருக்கிறார்கள். வாங்கிக் கொடுக்கவேண்டியது அவர்கள் மூளைக்குத்தான்.

அந்த நாளும் வந்தது. முன்வரிசையில் நான், உன் தங்கச்சி, மடியில் மாளுவோடு சிந்து. பெரிய மனுஷன் கயிற்றை இழுத்தார், பட்டுத்துணி விழுந்தது.

எப்படிச் சொல்ல? சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒருத்தன். ரோஜா நிற உதடு. நெற்றியில் தழும்பு இல்லை. கடலையும் காணோம், அந்த இடத்தில் ஒரு பனிமலை. நீ ஏசி பஸ்ஸில் ஏறினாலே தும்முகிறவன், உன்னைப் பனிமலையில் நிறுத்தியிருக்கிறார்கள்! ஹால் முழுக்கக் கைதட்டல். "நம்முட பிஜு எப்பவும் பிரகாசமாட்டு இருப்பான்" என்று பிரசிடெண்ட் சார் மைக்கில் கரைந்தார். என் பல் நறநறத்த சத்தம் உன் தங்கச்சிக்குக் கேட்டதாம்.

பூ வைக்க சிந்துவைக் கூப்பிட்டார்கள். மாளுவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். படத்துக்கு முன்னால் போய் நின்றவள் நின்றபடியே நின்றாள்.

"பூ வை பிள்ளே," என்றார் செக்ரட்டரி.

"இது ஆரு?" என்றாள் சிந்து. மைக் பக்கத்தில் இருந்தது, எல்லாருக்கும் கேட்டது.

"என்ன கேள்வி இது? நம்முட பிஜு."

"எனக்க ஆளு கறுப்பாக்கும். அந்தக் கறுப்பு பிடிச்சுத்தான் நான் கெட்டினது. செத்த பிறவு அதக் கழுவிக் களையணும் எண்ணு உங்களுக்குத் தோணிச்சு. செரி. அப்போ உசிரோட இருக்க இந்தப் பிள்ளைய நான் எங்க கொண்டு கழுவ? அதையும் சொல்லித் தாருங்க."

பெரிய மனுஷன் போனைப் பார்த்தார். சமத்துவக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். சிந்து பூவைத் திரும்பக் கையோடு கொண்டுவந்துவிட்டாள். ஒரு துளி கண்ணீர் கிடையாது. எனக்குத்தான் வந்தது.

இப்போது ஊரில் என்ன பேச்சு தெரியுமா? சிந்துவுக்கு மரியாதை தெரியாதாம். நல்லது செய்யப்போனவர்களைச் சபையில் வைத்து நாணம் கெடுத்துவிட்டாளாம். பெரிய ஆள் திறந்த படத்தை இறக்குவது முறையில்லையாம். அதனால் அந்த வெள்ளைக்காரன் ஹாலில் தொங்குகிறான். அடியில் உன் பெயர். இந்தக் கமிட்டியை என்ன சொல்ல? இவர்களை வெறுப்பதற்குக்கூட ஒரு தகுதி வேண்டும், அதுகூட இல்லாத ஜென்மங்கள்.

சிந்துவிடம் அந்தப் படத்தை மறுபடி வாங்கி, பெரிதாக அச்சடித்து நம் கடைக்குள் மாட்டியிருக்கிறேன். வெயிலும் தழும்பும் உன் கறுப்பும் இருந்தபடி இருக்கின்றன. நேற்று மாளு வந்தாள். கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, நானும் அப்பாவும் ஒண்ணுபோல" என்றாள். ஆமா மக்கா என்றேன்.

வரும் வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் படம் எடுக்கவேண்டும். அதை நான்தான் எடுப்பேன். பிறகு அவள் பரீட்சைக்கும், அவள் கல்யாணத்துக்கும் நானே எடுப்பேன். எந்தச் செக்ரட்டரி வந்தாலும் எந்தச் சம்பந்தக்காரன் வந்தாலும் சரி, அவள் முகத்தில் ஒரு புள்ளியை மாற்ற விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கச்சியைக் கெட்டியவன்,
உன் மகளுக்கு மாமன்,
சுனில்