கவர் பிரிக்காத ஸ்வெட்டர்

ஜன. 6, செவ்வாய்

நல்ல வெயில். கள்ளக்குறிச்சியில் காலையிலேயே ஃபேன். மூட்டை கட்டியாச்சு: ஸ்வெட்டர் முப்பது, கம்பளி எட்டு, மங்கி குல்லா ஒரு கட்டு. மகன் ரியாஸ் வண்டியை மறித்துக்கொண்டு நின்றான்.

"இன்னா அத்தா, மலைக்குளிர் ஆவாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? இன்னொரு வாட்டி இளைப்போட வந்தீங்க, வண்டிய வித்துடுவேன்."

விற்பானாமே. வண்டி என் பேரில். கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் எழுதுவது: பாதி மலைவரை சட்டை வியர்வையில் ஒட்டியது. வெள்ளிமலை போவதற்குள் மூடுபனி, தூறல், காற்று. எல்லாம் பத்து நிமிஷத்தில். பல் தந்தியடித்தது. பக்கத்தில் முப்பது ஸ்வெட்டர், ஒன்றைக்கூடப் போடவில்லை. கவர் பிரித்தால் பழசு, பழசை யார் வாங்குவார்கள்? இருபத்தேழு வருஷமாக இதுதான் என் சட்டம்.

காட்டு வேலை முடிந்து நாலு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி சரக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா பாய், விக்கிறவரே நடுங்கிக்கினு இருக்கீங்க. இதுல சூடு இல்லியா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். ஒன்றும் விற்கவில்லை. மானம் போச்சு.

ஜன. 7, புதன்

தொண்டை கட்டல். வாங்க வேண்டியது: மிளகு, சணல் கயிறு, பிளேடு.

ரியாஸ் என் நெஞ்சில் காது வைத்தான். மூச்சை அடக்கிக்கொண்டேன். "மூச்ச வுடுங்க அத்தா." விட்டேன். விசில் அடித்தது. சண்டை போட்டிருந்தால் தேவலை, ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியைப் பார்த்துவிட்டுப் போனான்.

வீட்டில் உட்கார்ந்தால் நான் நோயாளி. மலையில் ஸ்வெட்டர் பாய். எனக்கு ஸ்வெட்டர் பாய்தான் வேண்டும்.

ஜன. 10, சனி

ரியாஸ் கடைக்குப் போனதும் கிளம்பினேன். மேலேயும் வெயில்! நம்பவில்லை. வண்டியை நிறுத்தினேன், ஒரு மெரூன் ஸ்வெட்டர் எடுத்தேன், கவரைக் கிழித்தேன். கை கூசியது. கிழித்தேன். குல்லாவும் மாட்டினேன். கடை விரித்து முடிப்பதற்குள் மூடுபனி இறங்கியது. இறங்கட்டும்.

அதே பெண் வந்தாள். "இப்ப இன்னா பாய், ராஜா மாதிரி கீறீங்க. அந்தக் கலர்ல இன்னொண்ணு எடுங்க."

மெரூன் முழுக்கக் காலி. என் மேலிருந்ததையும் ஒருத்தி கேட்டாள். முடியாது என்றேன். இளைப்பு வரவில்லை. துளிகூட.

ஜன. 12, திங்கள்

மலைக்குப் போனதை ரியாஸிடம் எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான். ஆணியில் வண்டிச் சாவி இல்லை. கேட்டேன். "இன்னா சாவி?" என்கிறான், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

ஸ்வெட்டர் போட்டாச்சு. மூட்டை தோளில். சாவியை ஒளித்தான் சரி, பஸ் ஸ்டாண்டை எங்கே ஒளிப்பான்?