குளிர்ந்த காற்று வரும் வழி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
21.9.2025, ஞாயிறு.

அன்பு மருமகன் ரோஷன் அவர்களுக்கு, மாமா ராபர்ட் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே நான், உங்கள் அத்தை செல்லத்தாய், மகள் ஜெனிலா, கார் ஆகிய நால்வரும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். காரை ஏன் இந்தப் பட்டியலில் சேர்த்தேன் என்பது போகப் போகத் தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாம். நான் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் தூங்குவதாக பூனா ராணுவ ஆஸ்பத்திரியில் உங்கள் வார்டில் இருக்கும் ஒரு ஹவில்தார் சொல்கிறார். காலை பத்து மணிக்கும் தூக்கம், மாலை நான்குக்கும் தூக்கம், இரவு எட்டுக்கும் தூக்கம். நல்ல மனிதர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பது அவர் சொல்லும் விதத்திலேயே தெரிகிறது. அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றுதான் கடிதம். கடிதத்துக்கு ஒரு வசதி உண்டு. நீங்கள் தூங்கினாலும் அது கட்டிலருகே காத்துக்கொண்டிருக்கும்.

இது நன்றி சொல்ல எழுதும் கடிதம். முப்பத்திரண்டு வருடம் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து பிறர் புகாரை எழுதியே கை பழகிவிட்டது. நன்றி எழுதிப் பழக்கமில்லை. நடை கொஞ்சம் புகார் போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் நீங்கள் எழுதிய கடிதம் இரண்டே வரி. "காரை விற்றுவிடுங்கள். இனி அது யாருக்கும் தேவைப்படாது." கூடவே பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தீர்கள். மார்ச் மாதம் எல்லைப் பனி உங்கள் இடது பாதத்தை எடுத்துக்கொண்டது. பாதம் இல்லாமல் கிளட்ச் மிதிக்க முடியாது, ஆகவே கார் வேண்டாம் என்பது உங்கள் வாதம். வாதத்தில் குறை சொல்ல இடமில்லை.

அந்தக் காரை விற்கச் சொல்லி இந்த வீட்டில் ஐந்து வருடமாகக் கேட்டு வந்தவன் நான் ஒருவன்தான் என்பது உங்களுக்குத் தெரியும். லீவில் வரும்போதெல்லாம் அதைப் பிரித்துப்போட்டு, மேலும் சத்தமாகச் சேர்த்துவிட்டுப் போவீர்கள். தெருவில் அதற்குக் கொசுமருந்து வண்டி என்று பெயர். பெயர் வைத்தவனும் நான்தான். ஆகவே உங்கள் கடிதம் வந்த அன்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன்.

ஜெனிலா உங்கள் கடிதத்தைப் படித்தாள், மடித்தாள், வேலைக்குப் போய்விட்டாள். ராஜபாளையம் பேண்டேஜ் மில்லில் அவள் பார்ப்பது துணியின் மேல் லென்ஸை வைத்து இழை எண்ணும் வேலை. ஏப்ரலிலிருந்து அவள் வீட்டில் பேசிய சொற்களை எண்ண லென்ஸ் தேவைப்படவில்லை. "ம்", "சாப்பிட்டேன்", "பொறவு பாப்போம்". அவ்வளவுதான்.

நீங்கள் சொன்னபடியே ஆள் பார்த்தோம். சங்கரன்கோவிலிலிருந்து ராக்கப்பன் என்பவர் வந்தார். வேகமான கார்களை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிற மனிதர். மதியம் ஒரு மணிக்கு வத்திராயிருப்பு சாலையில் மகாராஜபுரம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "என்ன ஏட்டையா, பொறப்படும்போது குதிரையா இருந்துச்சு, வெயில் ஏறவும் கழுதையாயிருச்சே! மூச்சு வாங்குதுய்யா. சரி பண்ணி வைங்க, வாரேன்" என்றார்.

குறை சொன்னது காரை. ஆனால் ஜெனிலா முகம் சிவந்துவிட்டது. அன்று மாலையே காரைக் குடைந்தாள். அப்போது முன்பெட்டியில் கிடைத்ததுதான் நீங்கள் படம் போட்டு வைத்திருந்த நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில், "இவளுக்கு மூச்சு முட்டுகிறது" என்று இருந்தது. 'இவள்' யார் என்று அறிய உங்கள் அத்தை இரண்டாம் பக்கத்தை அவசரமாகத் திருப்பினாள். கார் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. காற்று குளிர்ந்திருந்தால் ஒரே மூச்சில் நிறையக் கிடைக்கும், சூடாக இருந்தால் குறையும். இந்தக் காரோ கொதிக்கிற எஞ்சினுக்குப் பக்கத்திலேயே மூக்கை வைத்துக்கொண்டு தன் சூட்டையே தான் குடிக்கிறது. ஜெனிலா மில்லிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து அளந்தாள். வெளியே முப்பத்தேழு டிகிரி, மூக்கில் ஐம்பத்தெட்டு. ஆகவே நீங்கள் வரைந்தபடி மூக்கைப் பெட்டிக்குள் வைத்துச் சூட்டுக்குச் சுவர் எழுப்ப வேண்டும். முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றுக்குத் தனிக் குழாய் வேண்டும். இவ்வளவையும் வரைந்த நீங்கள் பல இடங்களில் கேள்விக்குறி போட்டு நிறுத்தியிருந்தீர்கள். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்தக் கேள்விக்குறிகளுக்கு அவள் சிவப்பு மையில் பதில் எழுத ஆரம்பித்தாள். "குழாயின் வாய் பம்பருக்குக் கீழே? தண்ணீர்?" என்று எழுதியிருந்தீர்கள். "ராஜபாளையம் ரயில்வே பாலத்துக்கு அடியில் ஐப்பசியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்துவிடும். வாய் மேலே, கிரில்லுக்குப் பின்னால்" என்பது அவள் பதில். போனை எடுக்காத கணவனோடு மனைவி சண்டை போட இப்படி ஒரு வழி இருப்பதை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

அளவுக்கு அட்டையில் பெட்டி வெட்டிப் பார்த்தோம். நம் ஊரில் அட்டை என்றால் பால்கோவா அட்டைதான். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு பெட்டி வெட்டினோம். ஐந்தாவது பெட்டி கச்சிதமாகப் பொருந்தியது. காலையில் எறும்பு சுமந்துகொண்டிருந்தது. ஏழாவதை எடுத்துக்கொண்டு சீனிச்சாமியிடம் போனோம். பால்கோவா அடுப்புகளுக்குப் புகைக்குழாய் செய்து கொடுக்கிறவர். கார் வேலை செய்ததில்லை என்று தயங்கினார். நோட்டைப் பார்த்ததும், "ஏட்டையா, பொக வெளிய போறதுக்கும் காத்து உள்ள வாறதுக்கும் சட்டம் ஒண்ணுதான். மூலை வச்சம்னா நின்னுரும். வளைச்சு விடணும்" என்று அலுமினியத் தகட்டை எடுத்துவிட்டார். மூலைகளில் காகிதம் நின்றுவிடுகிற அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு உடனே புரிந்தது. குழாய் மூன்று அங்குலம், உள்ளே போகிற காற்றை அளக்கும் சென்சாருக்கு முன்னால் ஒரு சாண் நேராக, எல்லாம் நீங்கள் எழுதியபடி. "இத வரைஞ்சவரு எங்க இருக்காரு?" என்று கேட்டார். பூனாவில் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

காற்றில் தூசியைப் பிடிக்கும் வடிகட்டிக்கு நீங்கள் வெளியூரில் வாங்க வேண்டிய ஒன்றைக் குறித்திருந்தீர்கள். அது என்ன துணி என்று ஜெனிலா பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னாள், "அப்பா, இது நம்ம பேண்டேஜ் துணிதான்." நான்கு அடுக்குத் துணியை இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே கொசுவி வைத்து எண்ணெய் தடவினால் தூசி ஒட்டிக்கொள்ளும், காற்று மட்டும் உள்ளே போய்விடும். எத்தனை இழைத் துணி என்பதை அவள் முடிவு செய்தாள். கொசுவம் உங்கள் அத்தை வைத்தாள், பட்டுச்சேலைக்கு வைக்கிற அதே சீரில். உங்கள் காலுக்குக் கட்டியதும் ஜெனிலா இழை எண்ணி அனுப்பிய துணியாக இருக்கலாம். இதை நான் சொல்லவில்லை, ஒருநாள் மில்லிலிருந்து வந்து அவள்தான் சொன்னாள்.

இனி, நடந்த தவறு. மறைக்காமல் எழுதுகிறேன். வடிகட்டிக்கென்று தனி எண்ணெய் ஒரு சிறு புட்டியில் வாங்கினோம். லேசாகத் தெளித்தால் போதும் என்று நோட்டில் இருக்கிறது. ஜெனிலாவும் அப்படியே தெளித்துவிட்டு வேலைக்குப் போனாள். உங்கள் அத்தைக்கு எண்ணெய் விஷயத்தில் 'லேசாக' என்ற சொல் விளங்காது. "ஒரு பிள்ள உச்சந்தலைக்குக் காணுமா இது? என்ன கஞ்சத்தனம்!" என்று வீட்டுச் செக்கு நல்லெண்ணெயை எடுத்து, அடிக்கொசுவம் வரை இறங்கும்படி தேய்த்துவிட்டாள். பிள்ளைக்குச் செய்கிற பாசத்தோடு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் ராக்கப்பன் இரண்டாம் முறை வந்தார். ஜெனிலா ஓட்ட, அவர் பக்கத்தில், நான் பின்னால். கார் சுந்தரபாண்டியத்துக்கு முன்னால் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பானட்டைத் திறந்தால் நல்லெண்ணெய் காய்கிற வாசனை. எண்ணெய், காற்றுக் குழாய்க்குள் இறங்கிச் சென்சாரின் மேல் படிந்துவிட்டது. ராக்கப்பன் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏட்டையா, இது காரா பலகாரக் கடையா? முறுக்கு எத்தன மணிக்கு வரும்?" என்றார். பிறகு கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

நான் ஜெனிலாவைப் பார்க்கப் பயந்தேன். அவள் ரோட்டோரப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கிட்டே போனால், சிரித்துக்கொண்டிருந்தாள். "முறுக்கு எத்தன மணிக்கு வரும்" என்று திரும்பச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. பிறகு அழவும் செய்தாள். எது முடிந்து எது ஆரம்பித்தது என்று அறிக்கையில் எழுத என்னால் முடியாது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து, "அம்மா, எம்புட்டு எண்ணெ ஊத்துன?" என்று சண்டை போட்டாள். சண்டை போட்டுக்கொண்டே நான்கு தோசை தின்றாள். உங்கள் அத்தை திட்டு வாங்கிக்கொண்டே ஐந்தாவதை ஊற்றினாள். மருமகனே, நான் நன்றி சொல்ல வந்தது இதற்குத்தான். எஞ்சினுக்கு வரைந்த வழியில் முதலில் மூச்சு விட்டது என் மகள்.

புதுத் துணி, புதுக் கொசுவம், அளவான எண்ணெய். உங்கள் அத்தை அன்று பக்கத்து வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஜெனிலா சென்சாரைக் கழுவி மாட்டினாள். போன ஞாயிறு ஆராதனை முடிந்து, உச்சி வெயிலில் கான்சாபுரம் வரை போனோம். வெளியே முப்பத்தேழு, மூக்கில் நாற்பத்தொன்று. இடது இருக்கையில் நான். வழக்கமாக அந்தச் சாலையில் ஐந்து முறை ஜெபம் சொல்வேன். இரண்டாவது முடியுமுன் ஊர் வந்துவிட்டது. இனி அதைக் கொசுமருந்து வண்டி என்று நான் சொல்வதில்லை. தெருவுக்கும் அறிவித்துவிட்டேன்.

விஷயம் எப்படியோ ராக்கப்பன் காதுக்குப் போய், நேற்று மூன்றாம் முறை வந்தார். மதிய வெயிலில் ஓட்டினார். இறங்கியவர் பேரம் பேசவில்லை, சாவியையும் திருப்பித் தரவில்லை. "படிவத்த எடுங்க ஏட்டையா" என்றார். ஜெனிலா உள்ளே போய்விட்டாள்.

படிவத்தை எடுத்துவந்து, கண்ணாடி போட்டு, வெகுநேரம் பார்த்தேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றேன். அவர் திகைத்து, "ஒங்க மருமகன் போட்டதுதானேய்யா?" என்றார். என் மருமகன் கையெழுத்து எனக்குத் தெரியும், கல்யாணப் பதிவேட்டில் பக்கம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டவர், இது யாரோ கை சோர்ந்த ஆள் போட்டது, இதை நம்பிச் சொத்தை மாற்றினால் நாளை சட்டச் சிக்கல் வரும், உரியவர் நேரில் வந்துதான் போட வேண்டும் என்றேன். ராக்கப்பன் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், உள்ளே மகள் போன கதவைப் பார்த்தார். "அவிய வரட்டும். அவிய வந்து ஓட்டாம இருந்தா நான் வாங்கிக்கிடுதேன்" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நாணயமான மனிதர். அவரை நான் ஏமாற்றியது என் சர்வீஸில் சேராது, ரிட்டயர் ஆன பிறகு நடந்தது.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பாருங்கள். எடையைக் குறைக்க என்னென்ன கழற்றலாம் என்று எழுதி, கடைசியில் "இடது இருக்கை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே சிவப்பு மையில் ஒரே சொல்: "கழற்றமாட்டேன்."

இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். டிசம்பரில் கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கும் கார்ப் பந்தய ராலிக்கான விண்ணப்பம். ஓட்டுநர் என்ற இடத்தில் ஜெனிலா பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து வளைவு சொல்கிறவருக்கான இடம் காலியாக இருக்கிறது. அந்த இருக்கையில் கிளட்ச் இல்லை என்பதை நேரில் உட்கார்ந்து பார்த்து உறுதி செய்திருக்கிறேன். இந்தத் தாளை நான் எடுத்தது அவளுக்குத் தெரியாது. காணவில்லை என்று வீட்டில் புகார் எழுந்துள்ளது. விசாரணை அதிகாரி நானே என்பதால், உங்கள் பதில் வரும்வரை வழக்கு நிலுவையில் இருக்கும்.

கையெழுத்துப் போடக் கால் தேவையில்லை, மருமகனே. ஆனால் அழுத்திப் போட வேண்டும். பழைய கையெழுத்தாக இருந்தால்தான் நான் ஏற்றுக்கொள்வேன்.

ஆண்டவர் உங்களை எழுப்பி, நடத்தி, வழி முழுக்கத் துணையிருந்து வீடு சேர்க்கட்டும். தபாலில் அனுப்ப வேண்டாம். நேரில் கொண்டுவாருங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும் மாமா,
ஞா. ராபர்ட்.

பி.கு.: உங்களுக்கு நல்லெண்ணெய் ஒரு புட்டி அனுப்ப வேண்டும் என்று அத்தை நிற்கிறாள். அளவு சொல்லி எழுதவும்.