முதுகில் வைத்த கை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி? நான் நலம். பதற ஒன்றுமில்லை, கோபம் மட்டும்தான்.

ஜூன் மாத மலையேற்ற சைக்கிள் ஓட்டத்துக்காக ஞாயிறுதோறும் இங்குள்ள சைக்கிள் சங்கத்தாரோடு, இந்த வட இத்தாலியின் டோலமைட் மலைக் கணவாய் ஏறிப் பழகுகிறேன். நேற்று கடைசி வளைவுகளில் மெதுவாக, ஆனால் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தேன். சங்கத்தின் மூத்தவர் ஃபியோரென்சோ கேட்காமலே என் முதுகில் கை வைத்து உச்சிவரை தள்ளிவிட்டார்.

மேலே போனதும், "தெற்கத்திப் பொண்ணே, என் கை இல்லேன்னா இன்னும் அங்கேயேதான் நின்னிருப்பே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் எங்க நின்னேன்? தள்ளச் சொல்லி உங்களைக் கேட்டேனா?"

"உதவி பண்ணா கோவிக்கிறா பாரு. காப்பி குடிம்மா, சரியாயிடும்."

குடிக்கவில்லை. அவர் தள்ளி ஏறியது நான் ஏறியதாகாது. அந்த வளைவுகளுக்குக் கீழே இறங்கி, மறுபடி தனியாக ஏறினேன். அதற்குள் அவர்கள் மறுபக்கம் இறங்கிப் போயிருந்தார்கள். உச்சியில் சொல்வதற்கு ஒருவரும் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்: ஏறிவிட்டேன்.

நம் ஊர்ச் செய்தித்தாளைப் படித்ததும் எறியாமல் அனுப்புங்கள். இறங்கும்போது குளிர்காற்று படாமல் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கேயும் செய்தித்தாள் கிடைக்கிறது. இருந்தாலும் அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, நான்தான் போய் நூலகத்தைத் திறக்க வேண்டும்.

உங்கள் மகள்,
ஓர்னெல்லா