வெள்ளையை வெளியே மாட்டாத ஊர்

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

நீயும் சின்னவளும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் இருமல், அது இங்கே எல்லோருக்கும் உண்டு.

போன வாரம் ஒரு கூத்து. கடை வாசலில் வெள்ளைச் சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தேன். மதியம் ஓர் அம்மா வந்து, "அண்ணே, இந்தச் சாம்பல் கலர்ல ரெண்டு குடுங்க" என்றார். உள்ளேயிருந்து எடுத்துப் பிரித்தேன். "இது வெள்ளையால்ல இருக்கு!" என்றார் அந்த அம்மா.

பக்கத்து டீக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க ஊருக்குப் புதுசுல்ல! நிலக்கரி எரிச்சு கரண்டு எடுக்கிற ஊர்ல வெள்ளையை யாராவது வெளியே மாட்டுவாங்களா?"

நானும் சிரித்தேன். கடையடைக்கும்போது வாசலில் தொங்கிய சட்டையை உதறி, கொட்டிய சாம்பலைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. அரை நாளில் சட்டைக்கே இந்தக் கதி என்றால், ஏற்கெனவே இழுப்பு உள்ள சின்னவளின் நெஞ்சு என்னவாகும்?

அதனால் நீங்கள் இங்கே குடிவர வேண்டாம். மூட்டை கட்டியிருந்தால் பிரித்துவிடு. வியாபாரத்துக்கு இந்த ஊர் தங்கம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் சரக்கு கெட்டால் வேறு வாங்கலாம், பிள்ளைக்கு அப்படியா? பள்ளிச் சீருடை வியாபாரம் முடிந்ததும் வேறு ஊரில் கடை பார்க்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

உன் பழைய நூல் சேலை ஒன்றைப் பார்சலில் அனுப்பு, மூக்கில் கட்டிக்கொள்ள. கடை நிறையத் துணி வைத்திருப்பவன் இதைக் கேட்கிறானே என்று சிரிக்காதே. துவைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றும் இல்லை.

கடைக்கு ஆட்கள் வந்து நிற்கிறார்கள், முடிக்கிறேன்.

உன்னவன்