வளைந்தவளுக்கு வலிக்காது என்றேன்

எல்லாப் பக்கமும் வளைந்த என் அம்மாவுக்கு,

உன் பேத்திக்கு மூன்று மாதம் ஆகிறது. ஸ்ரீராம்புரத்தில், நம் தெருவிலேயே குடியிருக்கிறேன். இன்று கட்டிலிலிருந்து கதவு வரை எதையும் பிடிக்காமல் நடந்தேன்.

தொடைகள் சேருமிடத்தில் எலும்பைப் பிளந்துவிட்டாற்போல் வலி. புரண்டால் கத்தி இறங்கும். ஒரு காலைத் தூக்கிப் பாவாடைக்குள் விட முடியாது. உனக்கும் இப்படித்தான் இருந்ததா?

நீ கட்டைவிரலை மடக்கி மணிக்கட்டைத் தொடுவாய். முழங்கையைப் பின்பக்கமாக வளைப்பாய். தெருவே வேடிக்கை பார்க்கும். அதனால்தான் தம்பி பிறந்து நீ எழ முடியாமல் கிடந்தபோது யாரும் நம்பவில்லை. எனக்கு ஏழு வயது. நானே போய் அப்பாவிடம் சொன்னேன்:

"நைனா, அம்மா சும்மா சொல்லுது. அதுக்கு எலும்பே இல்ல. எப்படி வலிக்கும்?"

நைனா சிரித்தார். பிறகு உன் இடுப்பில் உதைத்தார். மறுநாள் விடிந்ததும் குடத்தைக் கையில் திணித்துக் குழாயடிக்குத் தள்ளினார். நிறைகுடத்தோடு திரும்பும்போது உன் கால் மடங்கியது. தலை கல்லில் மோதிய சத்தம் எனக்கு வீட்டுக்குள் கேட்டது.

வழுக்கி விழுந்து செத்தாள் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

பி.ஏ. வரை படித்தேன். எந்தப் புத்தகமும் உன் இடுப்பைப் பற்றிப் பேசவில்லை. கண்டோன்மென்ட் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் என் விரல்களை வளைத்துப் பார்த்தார். "மூட்டெல்லாம் பொறவியிலயே தளர்வும்மா. பிரசவத்துல இன்னும் விட்டுப்போச்சு. அதான் இவ்ளோ வலி."

இடுப்பெலும்பைச் சுற்றி அகலத் துணியை இறுக்கிக் கட்டுகிறேன். முழங்கால்களைச் சேர்த்துவைத்தே புரள்கிறேன். தொடைகளுக்கிடையே தலையணையை வைத்து நசுக்குகிறேன். யார் கழுத்தென்று நினைத்து நசுக்குகிறேன் என்று கேட்காதே.

போன வாரம் நைனா வந்தார். நான் படுத்திருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "இவ அம்மாளும் இப்படித்தாம்பா நாடகம் ஆடுவா. ரெண்டு போடு, எழுந்துக்குவா."

வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு சந்தேகம் இருந்தது.

பால் செம்பை எறிந்தேன். நைனாவின் புருவம் கிழிந்தது. எறிந்த வேகத்தில் என் தோள் மூட்டிலிருந்து நழுவியது. பல்லைக் கடித்து நானே உள்ளே தள்ளிக்கொண்டேன். அந்தச் சத்தத்தை இருவரும் கேட்டார்கள்.

"பெத்த அப்பனையா அடிக்கிற?"

"அம்மாவ சாவடிச்சது நீங்க மட்டும் இல்ல நைனா. நானும்தான்."

வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறந்தார். நைனா ரத்தத்தோடு போனார்.

உன்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை. கொடுக்க நீ எங்கே இருக்கிறாய்?

தெருவில் இறங்கி நடக்க முடிகிற முதல் நாள், தண்ணீருக்கு நிற்கும் பெண்களிடம் போவேன். உள்ளதைச் சொல்வேன். நைனா செய்ததை. அதற்கு முன்னால் நான் சொன்னதை.

உன் மூட்டுகளோடு பிறந்த மகள்,
செல்வி